ஒரு பொறிக்குள் பல பொறிகள்
விஎம்வேர் நிறுவனத்தின் வளர்ச்சி

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



‘மேகக் கணிமை’ என்னும் சொல் இன்று இல்லங்களிலும் கடைகளிலும் இயல்பாகப் புழங்குகின்றது. பேரக்குழந்தையின் படம் மேகத்தில் இருக்கின்றது என்கின்றனர். கடைக் கணக்கு மேகத்தில் ஏறிவிட்டது என்கின்றனர். அந்த மேகம் வானத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டப்பெற்ற பெரிய கட்டடத்தில், அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டிருக்கும் கணினிகளுக்கே அப்பெயர். அக்கணினிகளுள் ஒன்றைப் பலர், தத்தமக்கே உரிய தனிக் கணினி போல ஒரே நேரத்தில் பயன்படுத்த இயலும். அந்த ஏற்பாட்டின் மேல்தான் மேகக் கணிமை என்னும் தொழில் எழுந்தது.

இந்த ஏற்பாட்டை மலிவான கணினிகளிலும் இயலச் செய்து, அதனைப் பெருவணிகமாகவும் வளர்த்த நிறுவனம் விஎம்வேர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலோ ஆல்டோ நகரில், 1998ஆம் ஆண்டு ஐவர் கூடித் தொடங்கியது அது. 2023ஆம் ஆண்டு ஏறத்தாழ 6,900 கோடி டாலர் மதிப்பில் வேறொரு நிறுவனத்திடம் கைமாறியது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாறு ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியைக் காட்டுவதோடு நில்லாமல், அதனை நம்பியிருந்தோரின் நிலையையும் காட்டுகின்றது. வணிகம் செய்யும் குடும்பத்தாரும், கணினித் துறையில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

ஒரு கூரையின் கீழ் பல குடித்தனங்கள்

‘மெய்நிகராக்கம்’ என்னும் கலைச்சொல்லை விளக்க ஒண்டுக் குடித்தன வீடு ஒன்றே போதும். ஒரு பெரிய வீடு. ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே தெருவாசல். உள்ளே நான்கு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்படி, தனிப் பூட்டு. ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டைத் தாக்குவதில்லை. தண்ணீரை யார் எப்போது இறைப்பது, முற்றத்தை யார் எப்போது பயன்படுத்துவது என்பதை வீட்டுக்காரர் முறை வைத்துப் பங்கிடுகிறார்.

கணினியிலும் அவ்வாறே. ஒரே கணினியின் செயற்கூறு, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, அவற்றுள் பல ‘மெய்நிகர்ப் பொறி’களைக் குடிவைக்கலாம். ஒவ்வொன்றிலும் தனித்தனி இயங்குதளம் ஓடும். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ் இருக்கலாம். ஒண்டுக் குடித்தனத்தினும் ஒரு சிறப்பு இதற்கு உண்டு: ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டுக்காரர் இடத்தில் இருந்து பங்கீடு செய்யும் மென்பொருளுக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர்.

இக்கருத்து விஎம்வேர் கண்டுபிடித்தது அன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர்; 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் அது விற்பனைக்கும் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு கணினியின் விலை மிகப் பெரிது. ஆகவே அதனைப் பலர் பகிர்ந்துகொள்வது இன்றியமையாததாக இருந்தது. பின்னர் மேசைக் கணினிகள் வந்தன, விலை குறைந்தது. ஆளுக்கொரு கணினி என்னும் நிலை ஏற்பட்டதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவை மறைந்தது. கலையும் மறதிக்குள் போயிற்று.

மலிவு ஒரு புதிய வீணடிப்பைக் கொண்டுவந்தது. 1990களின் இறுதியில் ஒரு நிறுவனம் அஞ்சலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒரு சர்வர், சரக்கிருப்புக்கு ஒரு சர்வர் என்று வாங்கிக் குவித்தது. ஒரே சர்வரில் இரண்டு வேலைகளை வைத்தால் ஒன்றின் பழுது மற்றொன்றை வீழ்த்திவிடும் என்னும் அச்சமே காரணம். விளைவு என்னவெனில், பல அலுவலகங்களில் ஒரு சர்வர் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்களவே உழைத்தது. எஞ்சிய பொழுது வாளா நின்றது. வாளா நின்றாலும் அது மின்சாரத்தை உண்டது, வெப்பத்தை உமிழ்ந்தது, அவ்வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனத்தையும் கேட்டது. உழவுக்கு ஒரு நாள், வண்டிக்கு ஒரு நாள், கவலை இறைக்க ஒரு நாள் என்று வேலைக்கொரு சோடி மாடு வாங்கி ஆண்டு முழுவதும் தீனி போட்ட கதைதான்.

துபாஷியின் பணி

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மெண்டல் ரோசன்ப்ளம், தம் மாணவர்களான எடுவார்ட் புக்னியோன், ஸ்காட் டிவைன் ஆகியோருடன் சேர்ந்து 1997இல் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். ‘டிஸ்கோ’ என்று பெயரிடப்பட்ட அவர்களது ஆய்வு, மறக்கப்பட்ட மெய்நிகர்ப் பொறிக் கருத்தைப் பல செயற்கூறுகள் கொண்ட பெரிய கணினிக்கு மீண்டும் பொருத்திக் காட்டியது. அடுத்த ஆண்டே இம்மூவருடன் எட்வர்ட் வாங், ரோசன்ப்ளமின் துணைவியார் டயான் கிரீன் ஆகியோரும் சேர்ந்து விஎம்வேரைத் தொடங்கினர். தலைமைப் பொறுப்பை டயான் கிரீன் ஏற்றார். கப்பல் வடிவமைப்பியலில் முதுகலைப் பட்டமும், பின்னர்க் கணினியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவர் அவர்; பாய்மரப் படகுப் போட்டிகளிலும் வல்லவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பணி எளிதன்று. உலகெங்கும் பரவியிருந்த கணினிகள் இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்86 என்னும் வடிவமைப்பைப் பின்பற்றியவை. மெய்நிகர்ப் பொறிக்கு இடம் கொடுக்க ஒரு கணினிக்கு இருக்க வேண்டிய இலக்கணத்தைப் போபெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் 1974இலேயே வகுத்திருந்தனர். எக்ஸ்86 அந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை.

அடங்காமை இத்தகையது. இயங்குதளம் தன்னைக் கணினியின் அரசனாகக் கருதுகின்றது; அரசன் மட்டுமே இடத்தக்க கட்டளைகள் சில உள்ளன. மெய்நிகர்ப் பொறிக்குள் குடியிருக்கும் இயங்குதளமோ உண்மையில் அரசனன்று, குடியிருப்பவன். அவன் அரசகட்டளை இட்டால் அதனை உடனே தடுத்து நிறுத்தி, வீட்டுக்காரரான ஹைப்பர்வைசரிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஐபிஎம் பெருங்கணினிகள் அவ்வாறு தடுத்தன. எக்ஸ்86இல் சில கட்டளைகளை உரிமையற்றவன் இட்டால், அவை தடுக்கப்படவும் மாட்டா, நிறைவேறவும் மாட்டா. ஒன்றும் நிகழாதது போல் கணினி அடுத்த வரிக்குப் போய்விடும். கட்டளையிட்டவன் அது நிறைவேறியது என்றே எண்ணிக்கொண்டிருப்பான். பின்னர் எல்லாம் குழம்பிப்போகும்.

விஎம்வேர் கண்ட வழி ஒரு துபாஷியை இடையில் நிறுத்துவது. பழைய நாளில் வணிகனுக்கும் கும்பினியாருக்கும் இடையே நின்ற துபாஷி, ஒருவர் பேசுவதை மற்றவர் காதில் விழுமுன் தக்கவாறு பெயர்த்துச் சொன்னது போல, இயங்குதளத்தின் கட்டளைகளைச் சிறு சிறு பத்திகளாக முன்னதாகவே படித்து, தீங்கற்றவற்றை ஏறத்தாழ அப்படியே விட்டு, குழப்பம் விளைக்கும் கட்டளையைப் பாதுகாப்பான வேறு கட்டளையாகப் பெயர்த்து ஓடவிட்டனர். ஒருமுறை பெயர்த்த பத்தியைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால் வேகமும் பெரிதும் குறையவில்லை. பயனாளர் இயக்கும் சாதாரண நிரல்களுக்குத் துபாஷியே தேவைப்படவில்லை. அவை நேரடியாக ஓடின.

1999ஆம் ஆண்டு ‘விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்’ என்னும் முதல் மென்பொருள் வெளிவந்தது. ஒரு மேசைக் கணினியில் லினக்ஸும் விண்டோஸும் அருகருகே ஓடியதைக் கண்டு நிரலாளர்கள் வியந்தனர். நிரல் எழுதுவோர் தம் படைப்பைப் பல இயங்குதளங்களில் சோதிக்கப் பல கணினிகள் வாங்க வேண்டியிருந்த நிலை நீங்கியது. அந்த முதல் பதிப்பை உருவாக்கியோருக்குப் பத்தாண்டுகள் கழித்து, 2009ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் ஆக்க விருதினை ஏசிஎம் என்னும் உலகக் கணினியாளர் சங்கம் வழங்கிச் சிறப்பித்தது.

ஓடும்போதே இடம் மாறிய பொறி

நிரலாளர் மேசையில் தொடங்கிய வணிகம் 2001இல் சர்வர் அறைக்குள் நுழைந்தது. ஜிஎஸ்எக்ஸ், இஎஸ்எக்ஸ் என்னும் இரு மென்பொருள்கள் அவ்வாண்டு வெளிவந்தன. முன்னது வேறோர் இயங்குதளத்தின் மேல் அமர்ந்து வேலை செய்வது. பின்னது இயங்குதளம் எதுவும் வேண்டாமல் வெறும் வன்பொருளின் மேல் தானே அமர்வது. பின்னதே நிறுவனத்தின் செல்வத்துக்கு அடித்தளமாயிற்று. வாளா நின்ற பத்துச் சர்வர்களின் வேலையை ஒரே சர்வருக்குள் குடிவைத்துவிட்டு, எஞ்சிய ஒன்பதை அணைத்துவிடலாம் என்னும் கணக்கு எந்த நிறுவனத்தின் பொருளாளருக்கும் ஒரு நொடியில் விளங்கிற்று. மின்கட்டணமும் இடமும் குறைந்தன; அக்குறைவிலிருந்தே மென்பொருளின் விலையைக் கொடுக்கவும் இயன்றது.

இன்னொரு மாற்றம் இதனினும் ஆழமானது. மெய்நிகர்ப் பொறி என்பது வட்டில் இருக்கும் சில கோப்புகளே ஆகும். கணினி கோப்பாகிவிட்டால், அதனைப் படியெடுக்கலாம்; ஒரு நிலையில் நிறுத்திப் பாதுகாத்துப் பின்னர் அந்நிலைக்கே திரும்பலாம்; வேறிடத்துக்கு அனுப்பலாம். புதிய சர்வர் வேண்டுமென்றால் கொள்முதல் ஆணை எழுதி வாரக்கணக்கில் காத்திருந்த நிலை போய், சில நிமிடங்களில் ஒன்றை உருவாக்கும் நிலை வந்தது.

2003ஆம் ஆண்டு ‘விமோஷன்’ என்னும் வசதி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர்ப் பொறியை, அதனைப் பயன்படுத்துவோர் அறியாத வகையில், ஒரு சர்வரிலிருந்து வேறொரு சர்வருக்கு மாற்றுவதே அது. ஏடு பெயர்த்தெழுதும் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் படியெடுக்கும் மூல ஏட்டில், ஆசிரியர் ஒரு பக்கம் திருத்திக்கொண்டே இருக்கிறார். பெயர்த்தெழுதுபவர் முதலில் ஏடு முழுவதையும் படியெடுக்கிறார். அதற்குள் திருத்தப்பட்ட ஓலைகளை மட்டும் மறுமுறை எடுக்கிறார். இரண்டாம் சுற்றில் திருத்தங்கள் குறைவு; மூன்றாம் சுற்றில் அதனினும் குறைவு. ஓரிரு ஓலைகளே எஞ்சும் நிலையில், ஆசிரியரின் கையை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, அவற்றையும் எழுதிவிட்டு, புதிய ஏட்டை அவர் முன் வைத்துவிடுகிறார். ஆசிரியர் எழுதுவதைத் தொடர்கிறார். கணினியின் நினைவகப் பக்கங்களை விமோஷன் பெயர்ப்பதும் இம்முறையிலேயே. பழுதுபார்ப்பதற்காக நள்ளிரவில் சேவையை நிறுத்த வேண்டியிருந்த பொறியாளர்கள், பகல் வேளையிலேயே சர்வரைக் காலி செய்து திறந்து பார்க்க இயன்றது.

நடுவுநிலையும் உடைமையும்

வளர்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. விஎம்வேர் கணினி செய்து விற்கவில்லை. ஐபிஎம், எச்பி, டெல் ஆகிய போட்டியாளர்கள் அனைவருடைய சர்வர்களிலும் அதன் மென்பொருள் ஓடியது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தாங்கியது. எவர் பக்கமும் சாயாதது என்பதால் எல்லாரும் அதனை விற்றனர்.

2003 டிசம்பரில், தரவுச் சேமிப்புக் கருவிகள் செய்யும் இஎம்சி நிறுவனம் ஏறத்தாழ 63 கோடி டாலருக்கு விஎம்வேரை வாங்குவதாக அறிவித்தது. அடுத்த மாதம் அது நிறைவேறியது. இஎம்சியின் போட்டியாளர்கள் இனி விஎம்வேரை நம்புவார்களா என்னும் ஐயம் எழுந்தது. தனி நிறுவனம் போலவே அது இயங்க வேண்டும் என்பதில் டயான் கிரீன் உறுதியாக நின்றார். அந்த உறுதி பயன் தந்தது, போட்டியாளர்கள் விலகவில்லை. 2007 ஆகஸ்டில் நிறுவனத்தின் பத்தில் ஒரு பங்களவு நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தது. 29 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு முதல் நாளே 51 டாலரில் முடிந்தது. அவ்வாண்டின் வருவாய் ஏறத்தாழ 133 கோடி டாலர்.

ஓராண்டுகூட நிறையவில்லை. 2008 ஜூலையில் இயக்குநர் குழு டயான் கிரீனைப் பதவியிலிருந்து நீக்கியது. வருவாய் வளர்ச்சி முன்னர்ச் சொன்ன 50 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறையும் என்ற அறிவிப்பும் உடன் வந்தது. அன்று பங்கின் விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. சில வாரங்களில் ரோசன்ப்ளமும் விலகிப் பல்கலைக்கழகப் பணியோடு நின்றார். பத்தாண்டுகள் தலைமை தாங்கி வளர்த்தவருக்கும், பெரும்பங்கு வைத்திருந்த உடைமையாளருக்கும் கருத்து வேறுபாடு வந்தபோது உடைமையாளரின் சொல்லே நின்றது. பங்குகளில் பெரும்பகுதி யார் கையில் இருக்கின்றதோ அவரே இறுதியில் முடிவு செய்வார் என்பது தொழில் தொடங்க விழையும் இளைஞர்கள் மனத்தில் கொள்ளத்தக்கது.

மேகம் திரண்ட காலம்

கிரீனின் இடத்துக்கு வந்தவர் பால் மாரிட்ஸ். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் உயர்பொறுப்பில் இருந்தவர் அவர். அப்போது மூன்று பக்கங்களிலிருந்து போட்டி சூழ்ந்திருந்தது.

முதலாவது, துபாஷியின் அருமை குறைந்தது. இன்டெல் 2005இலும், ஏஎம்டி 2006இலும் மெய்நிகராக்கத்துக்கு வேண்டிய வசதியைத் தம் செயற்கூறுகளுக்குள்ளேயே அமைத்துவிட்டன. விஎம்வேர் அரிதின் முயன்று மென்பொருளால் செய்ததை இனி வன்பொருளின் துணையோடு பிறரும் செய்யலாம். இரண்டாவது, மைக்ரோசாப்ட் 2008 ஜூனில் ஹைப்பர்-வி என்னும் தன் மென்பொருளை வெளியிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென், 2007இல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்ட கேவிஎம் ஆகிய திறந்த மூல மென்பொருள்களும் வளர்ந்தன. மூன்றாவது போட்டிதான் வலியது. 2006இல் அமேசான், தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. அக்கணினிகளில் குடித்தனம் வைத்த ஹைப்பர்வைசர் சென், விஎம்வேர் அன்று. சொந்தமாகச் சர்வர் வாங்கும் வழக்கமே குறைந்தால், அச்சர்வருக்கு மென்பொருள் விற்பவரின் நிலை யாது?

விஎம்வேர் இதற்கு இருவகையில் விடை தேடியது. 2009இல் ‘விஸ்பியர்’ என்னும் பெயரில் தன் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டடத்துக்குள்ளேயே சொந்த மேகம் அமைத்துக்கொள்ளலாம் என்றது. பிறரிடம் தரவை ஒப்படைக்க அஞ்சிய பெருநிறுவனங்களுக்கு இது உவப்பாயிற்று. பாட் கெல்சிங்கர் 2012இல் தலைமை ஏற்றபின் இவ்வழி விரிந்தது. அவ்வாண்டு 126 கோடி டாலருக்கு நிசிரா என்னும் இளம் நிறுவனத்தை வாங்கி, பிணையத்தையும் மெய்நிகராக்கியது. பின்னர்த் தரவுச் சேமிப்பையும் அவ்வாறே செய்தது. கணிப்பு, சேமிப்பு, பிணையம் ஆகிய மூன்றும் வன்பொருளிலிருந்து பிரிக்கப்பட்டு மென்பொருளின் ஆளுகைக்குள் வந்தன.

மற்றொரு வழி, தானே பொது மேகத்தை நடத்துவது. 2013இல் தொடங்கிய அம்முயற்சி நிலைக்கவில்லை. 2017இல் அதனை ஓவிஎச் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பக்குவம் அதற்கு இருந்தது. 2016 அக்டோபரில் தன் பெரும் போட்டியாளரான அமேசானுடனேயே கைகோத்து, அமேசானின் தரவு மையங்களில் விஎம்வேர் மென்பொருளை ஓடச் செய்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அச்சேவை நடைமுறைக்கு வந்தது. சொந்தச் சர்வர் அறையில் இருந்த மெய்நிகர்ப் பொறிகளைத் திருத்தி எழுதாமல் அப்படியே மேகத்துக்கு ஏற்றலாம் என்பது வாடிக்கையாளருக்குப் பெரும் ஆறுதல். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் ஏறத்தாழ 1,285 கோடி டாலராக உயர்ந்தது. பங்குச் சந்தைக்கு வந்த ஆண்டைக் காட்டிலும் இது ஒன்பது மடங்குக்கு மேல்.

உடைமை மாறிய வழி

வருவாய் உயர்ந்த அதே காலத்தில் நிறுவனம் கைமாறிக்கொண்டே இருந்தது. 2016 செப்டம்பரில் டெல் நிறுவனம் இஎம்சியை வாங்கியபோது, விஎம்வேரின் பெரும்பங்கும் அதனுடன் சேர்ந்து டெல்லிடம் போயிற்று. அக்கொள்முதலுக்காக டெல் பெருங்கடன் பட்டிருந்தது. 2021 நவம்பரில் டெல் விஎம்வேரைப் பிரித்துவிட்டபோது, விஎம்வேர் தன் பங்குதாரர்களுக்கு 1,150 கோடி டாலரைச் சிறப்புப் பங்காதாயமாக வழங்கியது. பெரும்பங்கு வைத்திருந்த டெல்லுக்கே அதன் பெரும்பகுதி சென்றது. கடனைக் குறைக்க அது உதவிற்று. பிரிந்த விஎம்வேர் தனித்து நின்ற காலம் மிகக் குறுகியது. ஆறு மாதங்களில், 2022 மே மாதத்தில், சிப்பு உற்பத்தியில் பெயர்பெற்ற பிராட்காம் அதனை வாங்குவதாக அறிவித்தது. பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளின் இசைவைப் பெற்று, 2023 நவம்பர் 22 அன்று கொள்முதல் முடிந்தது.

அடுத்த மாதமே விற்பனை முறை மாறியது. ஒருமுறை விலை கொடுத்தால் என்றென்றும் பயன்படுத்தலாம் என்னும் நிலையான உரிமம் நிறுத்தப்பட்டது. இனி ஆண்டுச் சந்தா மட்டுமே. தனித்தனியாகக் கிடைத்த பல மென்பொருள்கள் ஒருசில தொகுப்புகளாகக் கட்டப்பட்டன. ஒன்று போதும் என்றவரும் தொகுப்பையே வாங்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான பொருள்களால் குழம்பியிருந்த விற்பனையை எளிதாக்கினோம், தொகுப்பாக வாங்குவோருக்கு அதிகப் பயன் கிடைக்கும் என்பது பிராட்காமின் வாதம். வாடிக்கையாளர் பலர் கண்டது புதுப்பிப்புக் கட்டணத்தின் ஏற்றம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்டு டி 2024இல் நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கு அவ்வாண்டிலேயே உடன்பாட்டில் முடிந்தது. ஐரோப்பிய மேகச் சேவை நிறுவனங்களின் சங்கமும் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது.

கட்டணம் ஏறினால் விலகிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். விலகுதல் எளிதன்று. ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ ஆயிரக்கணக்கான மெய்நிகர்ப் பொறிகள் ஓடுகின்றன. அவற்றின் காப்புப் படிகள், பேரிடர்க் கால ஏற்பாடுகள், கண்காணிப்புக் கருவிகள், பணியாளர் பெற்ற பயிற்சி யாவும் இருபது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் முறைக்கு ஏற்ப அமைந்தவை. கேவிஎம் போன்ற மாற்றுகள் திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. அவற்றின் மேல் கட்டிய பொருள்களை விற்கும் நிறுவனங்களும் உள்ளன. ஆயினும் ஓடுகின்ற வண்டியின் அச்சை மாற்றுவது போன்ற பணி அது, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது.

இவ்வரலாற்றின் முரண் இங்கேதான் உள்ளது. நிரலைக் கணினியோடு பிணைத்திருந்த கட்டை அவிழ்த்ததே விஎம்வேரின் முதற்பெருமை. எந்தச் சர்வர் விற்பனையாளரிடமும் வாடிக்கையாளர் அடிமைப்பட வேண்டியதில்லை என்னும் நிலையை அது உண்டாக்கியது. அந்த விடுதலையை நம்பி எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றி வைத்தவர்கள், கட்டை அவிழ்த்த கருவியோடே தாம் பிணைக்கப்பட்டிருப்பதைப் பின்னர் உணர்ந்தனர். மென்பொருள் கெட்டுவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. அது முன்போலவே திறமாக ஓடுகின்றது. மாறியவை உடைமையும் விற்பனை விதிகளுமே. நடுவுநிலையை நம்பி வந்த வாடிக்கையாளரிடம், அந்நடுவுநிலையை நிலைநிறுத்தும் உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை.

இல்லத்துக்கும் கடைக்கும் உரிய பாடம்

பெருநிறுவனங்களுக்கு நேர்ந்தது சிறு கடைக்கும் நேரக்கூடும். அரிசி மண்டியின் கணக்கும், பள்ளியின் மாணவர் பதிவேடும், குடும்பத்தின் படங்களும் இன்று பிறர் கணினியில் குடியிருக்கின்றன. குடியேறுவது எளிது, முதல் ஆண்டுக் கட்டணமும் குறைவு. ஆகவே குடியேறுமுன் சில வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். உள்ளே சேர்த்த கணக்கை வெளியே எடுக்க வழி உண்டா? எடுத்தால் வேறு மென்பொருள் அதனைப் படிக்குமா? மற்றொரு படி சொந்தக் கையில் இருக்கின்றதா? அடுத்த ஆண்டு கட்டணம் இரட்டித்தால் என்ன செய்யலாம்? வீட்டு வாடகைக்கு ஒப்பந்தம் எழுதும்போது காலி செய்யும் விதியையும் படிக்கும் குடும்பங்கள், கணக்கைக் குடிவைக்கும்போதும் அவ்விதியைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கு முழுவதையும் தனியே ஒரு வட்டில் இறக்கி, அது திறக்கின்றதா என்று பார்த்து வைப்பது நல்ல பழக்கம். திறந்து பார்க்காத காப்புப் படி காப்பாகாது.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ஒரு நிறுவனத்தின் சான்றிதழ் வேலைக்கு வழி திறக்கலாம். விஎம்வேரின் சான்றிதழால் வாழ்வு பெற்ற பொறியாளர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் இயங்குதளம் எவ்வாறு நினைவகத்தைப் பங்கிடுகின்றது, பிணையம் எவ்வாறு தரவைச் சுமக்கின்றது என்னும் அடிப்படைகளைக் கற்றவர்கள் இன்று கேவிஎம்முக்கோ வேறு மேகத்துக்கோ எளிதில் மாறிவிடுகின்றனர். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை மட்டும் கற்றவர்கள் தடுமாறுகின்றனர். ரோசன்ப்ளமும் அவர்தம் மாணவர்களும் 1972ஆம் ஆண்டின் ஐபிஎம் பெருங்கணினிக் கருத்தைப் படித்திருந்ததால்தான் 1997இல் அதனைப் புதிய கணினிக்குப் பொருத்த இயன்றது. பழைய அடிப்படையை அறிந்தவரே புதியதைச் செய்தனர் என்பதைப் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில், விஎம்வேரின் முதற்படைப்பான வொர்க்ஸ்டேஷன் அனைவர்க்கும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆர்வமுள்ள மாணவர் எவரும் இன்று அதனைத் தம் வீட்டுக் கணினியில் இறக்கி, ஒரு பொறிக்குள் இன்னொரு பொறி ஓடுவதைக் கண்ணாரக் காணலாம். கெட்டுவிடுமோ என்று அஞ்சாமல் பிரித்துப் பார்க்கலாம். கெட்டால் பழைய நிலைக்கு மீட்கலாம். இவ்விடுமுறையிலேயே அதனைச் செய்து பார்க்கும் பிள்ளைக்கு இவ்வுரையில் சொல்லப்பட்டவை யாவும் இன்னும் தெளிவாக விளங்கும்.